குழம்பும் குழாயும்: கதிரியக்கக் கழிவை இடம்பெயர்த்தலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், மலைச்சரிவு பெயர்ந்து தொழிலாளர் வாழ்ந்த லயன் வரிசைகளை மூடியது. பல நாள் மழையை உட்கொண்ட மண், திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடைப்பட்டதொரு நிலையை எய்திக் குழம்பாகப் பாய்ந்தது. முதல்நாள் வரை தேயிலைச் செடியையும் குடியிருப்பையும் தாங்கி நின்ற அதே மண், மறுநாட் காலையில் ஆறுபோல ஓடிற்று. ஓடி முடிந்தபின் மீண்டும் இறுகி நின்றது. அவ்விறுகிய மண்ணினுள் மறைந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை.

மண்ணும் நீரும் கலந்த குழம்பு எப்பொழுது நிற்கும், எப்பொழுது ஓடும் என்னும் வினா மலைநாட்டு மக்களுக்கு உயிர்வினாவாகும். இவ்வினாவே, தலைகீழான வடிவில், இன்னொரு துறையாரையும் எட்டுத் தசாப்தங்களாக அலைக்கழித்து வருகின்றது. அணுக்கருத் தொழிற்சாலைகளிலிருந்து எழும் கதிரியக்கக் கழிவுக் குழம்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குழாய்வழி கொண்டுசெல்வோரே அவர்கள். மலையில் ஓடக்கூடாத குழம்பு ஓடுகின்றது. குழாயில் நிற்கக்கூடாத குழம்பு நின்றுவிடுகின்றது. இரண்டுக்கும் அடிப்படையான பௌதிகம் ஒன்றே. இரண்டின் வரலாற்றிலும் அறிவு எவ்வளவு இருந்தது, அவ்வறிவு யாரைச் சென்றடைந்தது என்னும் கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய முற்படுகின்றது.

பாய்ச்சல் பற்றிய அறிவின் வளர்ச்சி

குழாயில் நீர் பாயும் முறையை அறிவியல் அடிப்படையில் முதன்முதல் தெளிவுபடுத்தியோருள் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் தலைசிறந்தவர். 1883இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கண்ணாடிக் குழாயினுள் சாயத்தை இழையாகச் செலுத்தி, மெதுவாகப் பாயும் நீர் அடுக்கடுக்காகவும், விரைந்து பாயும் நீர் கொந்தளித்தும் செல்வதை எடுத்துக்காட்டியது. இக்கொந்தளிப்பே பிற்காலத்தில் குழம்புக் குழாய்களின் உயிர்நாடியாயிற்று. நீரிலே கலந்துள்ள துணிக்கைகளை அடியிற் படியவிடாது மேலே தூக்கி நிறுத்துவது அதுவே.

எனினும் எல்லாக் குழம்பும் நீரைப்போல நடந்துகொள்வதில்லை. 1916இல் அமெரிக்க வேதியியலறிஞர் இயூஜின் பிங்கம், சில குழம்புகள் ஒரு குறித்த அளவு விசை தம்மீது செயற்படும்வரை திண்மம்போல அசையாது நிற்கும் என்றும், அவ்வெல்லையைக் கடந்ததும் திரவம்போலப் பாயத் தொடங்கும் என்றும் விளக்கினார். களிமண் சேறு, சுண்ணச் சாந்து, சாயக் கலவை முதலியன இவ்வகையின. 1950களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு டுராண்ட் என்பார், மணல் கலந்த நீரைக் குழாய்வழி செலுத்தி, துணிக்கைகள் படியத் தொடங்கும் எல்லை வேகத்தைக் கணிக்கும் முறையொன்றை வகுத்தார். குழாயின் விட்டம், துணிக்கையின் பருமன், அதன் அடர்த்தி என்பவற்றுக்கேற்ப அவ்வெல்லை மாறும். வேகம் அதற்குக் கீழே தாழ்ந்தால் துணிக்கைகள் அடியிற் படுக்கையாகும். படுக்கை உயர உயர வழி குறுகும். ஈற்றில் குழாய் அடைபடும்.

மலைநாட்டுத் தோட்டங்களில் ஊற்றுநீரைப் பீலி வழியாகக் கொண்டுவந்தோர்க்கும், சரிவுகளிற் கான் வெட்டியோர்க்கும் இவ்வுண்மை தொழில்வழி தெரிந்ததே. வாட்டம் குறைந்த கானிலே வண்டல் தங்கும். வண்டல் தங்கிய கான் தூர்ந்துபோகும். தூர்ந்த கானின் நீர் மண்ணுக்குள் இறங்கும். டுராண்ட் சூத்திரமாக எழுதியதை மண்வெட்டி பிடித்த கைகள் அனுபவமாக அறிந்திருந்தன.

இவ்வறிவின் துணைகொண்டு நிலக்கரியையும் உலோகத் தாதுக்களையும் குழம்பாக்கி நெடுந்தூரம் அனுப்பும் தொழில் வளர்ந்தது. 1957இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நிலக்கரிக் குழம்புக் குழாயொன்று இயங்கத் தொடங்கியது. 1970இல் இயங்கத் தொடங்கிய பிளாக் மேசா குழாய் 439 கிலோ மீற்றர் நீளமுடையதாய் 2005ஆம் ஆண்டின் இறுதிவரை தொழிற்பட்டது. இந்தியாவிலே, கருநாடகத்தின் குதிரேமுகத்திலிருந்து மங்களூர்வரை 67 கிலோ மீற்றர் தூரத்துக்கு இரும்புத்தாதுக் குழம்பு குழாய்வழி அனுப்பப்பட்டது. இத்தகைய குழாய்களில் அடைப்பு நேரின் அவ்விடத்தைத் தோண்டி, குழாயை வெட்டி, அடைப்பை நீக்கிப் பின் இணைத்துவிடலாம். கதிரியக்கக் குழம்புக்கு இவ்வசதி இல்லை. அங்குதான் பிரச்சினை வேறுவடிவம் கொள்கின்றது.

ஹன்போர்டின் தாங்கிகள்

இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு செய்யும் முயற்சியில் இறங்கிய ஐக்கிய அமெரிக்கா, வாசிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள ஹன்போர்ட் என்னுமிடத்தை 1943இல் கையகப்படுத்தியது. அங்கு ஆக்கப்பட்ட புளூட்டோனியமே 1945 ஆகஸ்ட் 9ஆம் திகதி நாகசாகி நகரை அழித்த குண்டின் கருப்பொருளாயிற்று. போர் முடிந்தது; ஆக்கம் முடியவில்லை. பனிப்போர்க் காலம் முழுவதும் தொடர்ந்த அவ்வாக்கம் 1987இல் இறுதி ஆக்க உலை நிறுத்தப்படும்வரை நீடித்தது.

உலையிலிருந்து எடுத்த எரிபொருளை அமிலத்திற் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தபின் எஞ்சுவது மிகுந்த கதிர்வீச்சுடைய அமிலக் கழிவு. அமிலத்தைத் தாங்கவல்லது துருப்பிடியா உருக்கு. போர்க்காலத்தில் அது கிடைத்தற்கரியதாக இருந்தமையால் சாதாரண உருக்கினாலே தாங்கிகள் கட்டப்பட்டன. அத்தாங்கிகளை அமிலம் அரித்துவிடாதிருக்கக் கழிவோடு சோடியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்து அதனைக் காரமாக்கினர். காரமாக்கியதும் கரைசலில் இருந்த இரும்பு, அலுமினியம், யுரேனியம் முதலியவற்றின் சேர்வைகள் வீழ்படிவாகி அடியில் வண்டலாகத் தங்கின. நீர் ஆவியானபோது மேலே உப்புப் பாளங்கள் உறைந்தன. போர்க்கால உருக்குச் சிக்கனத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு முடிவே பிற்காலத்துத் தலைமுறைகளுக்குக் குழம்புப் பிரச்சினையைப் பெற்றுக்கொடுத்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1943க்கும் 1964க்கும் இடையில் ஒற்றைச் சுவருடைய 149 தாங்கிகளும், 1968 முதல் 1986 வரை இரட்டைச் சுவருடைய 28 தாங்கிகளும் நிலத்தடியிற் கட்டப்பட்டன. இவ்வாறான 177 தாங்கிகளிலும் சேர்ந்த கழிவு ஏறத்தாழ 21 கோடி இலீற்றர். ஒற்றைச் சுவர்த் தாங்கிகளுள் 67 கசிந்தவை, அல்லது கசிந்தவையெனக் கருதப்படுபவை. இக்கழிவிலுள்ள சீசியம், துரந்தியம் என்பவற்றின் அரைவாழ்வு ஏறத்தாழ 30 ஆண்டுகள். புளூட்டோனியத்தின் அரைவாழ்வோ 24,000 ஆண்டுகளுக்கும் மேலானது. இருபது முப்பது ஆண்டு உழைக்கும் பாண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுச் சரக்கை இட்டுவைத்த கதையே ஹன்போர்டின் கதை எனலாம்.

குழாய் அடைபட்ட வரலாறு

தாங்கி பழுதடையின் கழிவை வேறொரு தாங்கிக்கு மாற்றவேண்டும். நிரந்தரத் தீர்வாக அதனைக் கண்ணாடியுடன் உருக்கிக் கட்டியாக்குவதாயினும் முதலில் ஆலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இவை யாவற்றுக்கும் வழி குழாயே. ஹன்போர்டின் மேற்குப் பகுதித் தாங்கிகளையும் கிழக்குப் பகுதித் தாங்கிகளையும் இணைப்பதற்குப் பல கிலோ மீற்றர் நீளமான குழாய்கள் 1950களில் இடப்பட்டன. அவற்றுட் சில நாளடைவில் அடைபட்டுப் பயனற்றுப்போயின. 1990களில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய குழாய்த் தொகுதி அமைக்கவேண்டியதாயிற்று.

அடைபடுவதற்குக் காரணங்கள் பல. வேகம் குறைந்து துணிக்கைகள் படிதல் முதலாவது. சூடான தாங்கியிற் கரைந்த நிலையிலிருந்த பொசுபேற்று உப்பு, குளிர்ந்த குழாயினுள் ஊசி போன்ற பளிங்குகளாகி ஒன்றோடொன்று பின்னி, முழுக் குழம்பையும் பாகாக இறுகச்செய்தல் இரண்டாவது. இடையில் மின்சாரம் நின்றோ பம்பி பழுதுற்றோ பாய்ச்சல் தடைப்படின், பிங்கம் கூறியவாறு குழம்பு இறுகி, மீண்டும் அசைப்பதற்குத் தொடக்கத்தினும் மிகுந்த அமுக்கத்தை வேண்டி நிற்றல் மூன்றாவது. கழுவுவதற்கு வெறும் நீரைப் பாய்ச்சுவதும் சிலவேளை தீங்காகும். காரத்தன்மை தணிந்ததும் கரைந்திருந்த அலுமினியம் வீழ்படிவாகக்கூடும், உருக்கும் அரிப்புறக்கூடும். ஆகவே கழுவும் நீருக்கும் காரம் சேர்க்கவேண்டியுள்ளது.

இவ்வனுபவங்களினூடாகச் சில நெறிகள் உருவாயின. குழம்பை அனுப்புமுன் மாதிரி எடுத்து, அதன் அடர்த்தி, பாகுத்தன்மை, துணிக்கைப் பருமன் என்பவற்றை ஆராய்தல் வேண்டும். வேண்டுமளவு நீர் சேர்த்து ஐதாக்கல் வேண்டும். குளிர்ந்த குழாயை முன்கூட்டிச் சூடாக்கல் வேண்டும். பாய்ச்சலைப் படிவெல்லைக்கு மேலான வேகத்தில் இடையறாது நிகழ்த்தல் வேண்டும். முடிந்தவுடன் குழாயின் கொள்ளளவினும் கூடிய நீரால் கழுவி வடியவிடல் வேண்டும். குழாய்க்கு முழுநீளமும் வாட்டம் இருத்தல் வேண்டும். பள்ளமான இடம் எங்கும் இருத்தலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு குழாயை இன்னொரு குழாயினுள் வைத்து, உட்குழாய் கசிந்தால் வெளிக்குழாய் ஏந்திக்கொள்ளவும், இடைவெளியிலுள்ள உணரி உடனே அறிவிக்கவும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

இந்நெறிகள் ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. ஐதாக்கச் சேர்த்த நீரும் கழுவிய நீரும் தாங்கியிலேயே சென்று சேரும். தாங்கியில் இடமோ அரிது. வேகத்தை மிகைப்படுத்தினால் துணிக்கைகள் குழாயின் வளைவுகளை அராவித் தேய்க்கும், குறைத்தால் படியும். கதிர்வீச்சினால் நீர் பிளந்து ஐதரசன் வாயு தோன்றிக் குழாயின் ஒதுக்கிடங்களிற் சேரக்கூடும். 2001 நவம்பரில் யப்பானின் ஹமவோக்கா அணுமின் நிலையத்தில், ஒதுக்கான ஒரு குழாயினுள் இவ்வாறு திரண்ட வாயு வெடித்துக் குழாயைச் சிதைத்தது. ஆக, குழம்பைப் பாதுகாப்பாக அனுப்புதல் என்பது ஒன்றையொன்று எதிர்க்கும் பல தேவைகளுக்கிடையே நடுநிலை காணும் கலையாகும்.

2007 யூலை 27ஆம் திகதி ஹன்போர்டில் நிகழ்ந்தது இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தாங்கியொன்றிலிருந்து கழிவை எடுத்துக்கொண்டிருந்த பம்பி அடைபட்டது. அடைப்பை நீக்குவதற்கு அதனைப் பின்னோக்கி இயக்கினர். கழிவு, ஐதாக்கும் நீர் வரும் குழாயினுள் ஏறிற்று. அந்நீர்க்குழாய் அத்தகைய அமுக்கத்துக்கென அமைக்கப்பட்டதன்று. அது வெடித்து ஏறத்தாழ 320 இலீற்றர் கழிவு நிலத்திற் கொட்டியது. கழிவுக் குழாய்க்குச் செய்த பாதுகாப்பையெல்லாம் அதனோடு தொடுத்திருந்த சாதாரண நீர்க்குழாய் பயனற்றதாக்கிவிட்டது.

கருவி கூறியதும் மனிதர் கேளாததும்

இங்கிலாந்தின் செலாபீல்ட் நகர்வு இன்னொரு பாடத்தைத் தருகின்றது. அங்குள்ள தோர்ப் மீள்பதப்படுத்தும் ஆலையில், தொங்கும் தாங்கியொன்றுடன் இணைந்த குழாய், தாங்கியின் இடையறாத அசைவினால் களைப்புற்று முறிந்தது. 2005 ஏப்ரலில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 83 கன மீற்றர் கரைசல் அடித்தளத்திற் கொட்டியிருந்தது. அதில் ஏறத்தாழ 20 தொன் யுரேனியமும் 160 கிலோ கிராம் புளூட்டோனியமும் அடங்கியிருந்தன. கசிவு 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்ததாக விசாரணை காட்டியது. துருப்பிடியா உருக்குப் பதித்த அறை கொட்டியதை ஏந்திக்கொண்டமையால் வெளியே தீங்கு நேரவில்லை. பொறியியலாளர் வகுத்த இரண்டாங் காப்பு தன் கடமையைச் செய்தது.

ஆயின், பல மாதங்களாக அளவீடுகளும் மாதிரிகளும் கசிவைச் சுட்டிக்கொண்டே இருந்தன. புதிய ஆலையிற் கசிவு நேராதென்ற நம்பிக்கை அச்சுட்டல்களின் பொருளை உணரவிடவில்லை. அறியும் கருவி இருத்தல் வேறு. அறிந்துகொள்ளும் மனம் இருத்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

ஜாதுகூடாவும் கல்பாக்கமும்

இந்தியாவில் இத்துறையின் வரலாறு இன்னும் நெருங்கி நோக்கத்தக்கது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிங்பூம் பகுதியிலுள்ள ஜாதுகூடாவில், 1967இல் நிறுவப்பட்ட இந்திய யுரேனியக் கூட்டுத்தாபனம் யுரேனியத் தாதுவை அகழ்ந்து வருகின்றது. அத்தாதுவில் ஒரு தொன்னுக்கு ஒரு கிலோ கிராம்கூட யுரேனியம் இல்லை. எஞ்சியதில் ஒரு பகுதி மாவாக அரைக்கப்பட்டு, சுண்ணாம்பினால் அமிலம் நீக்கப்பட்டு, குழம்பாகக் கழிவணைகளுக்குக் குழாய்வழி அனுப்பப்படுகின்றது. யுரேனியத்தை எடுத்த பின்னும் தாதுவின் கதிரியக்கத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அக்குழம்பிலேயே தங்கும். அதிலுள்ள ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்.

2006 திசம்பர் இறுதியில் அக்குழாய்களுள் ஒன்று வெடித்து, குழம்பு அயலிலுள்ள ஓடையிற் கலந்தது. பல மணி நேரம் அது கொட்டிக்கொண்டிருந்தது. அதனை முதலிற் கண்டோர் அவ்வூர் மக்களே. சந்தால், ஹோ முதலிய பழங்குடியினர் வாழும் அப்பகுதியில், அணைகளுக்கென நிலத்தை இழந்த குடும்பங்கள் அவ்வணைகளுக்குச் செல்லும் குழாயின் அருகிலேயே குடியிருந்தன. ஹன்போர்டின் குழாய்க்குள் குழாயும் உணரியும் அங்கு மனிதக் கண்களாகவே இருந்தன.

தமிழகத்தின் கல்பாக்கம் மீள்பதப்படுத்தும் நிலையத்தில் 2003 சனவரி 21ஆம் திகதி நேர்ந்த விபத்தும் கழிவு இடப்பெயர்வோடு தொடர்புடையதே. ஒரு வால்வு பழுதுற்றமையால் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு, தாழ்நிலைக் கழிவுக்குரிய தாங்கியினுட் புகுந்தது. இதனை அறியாது மாதிரி எடுக்கும் பணியில் ஈடுபட்டோர் உட்பட ஆறு பணியாளர் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். வால்வு தவறியதைக் காட்டும் ஏற்பாடோ, கதிர்வீச்சு உயர்ந்ததை எச்சரிக்கும் கருவியோ அவ்விடத்தில் இருக்கவில்லை. சில மாதங்கள் கழிந்த பின்னரே இச்செய்தி பொதுமக்களை எட்டியது. குழாய் வெடிக்கவுமில்லை, குழம்பு கொட்டவுமில்லை. செல்லவேண்டிய வழி மாறியமையே போதுமாயிற்று.

மீரியபெத்தை தரும் ஒப்புநோக்கு

இவ்வரலாற்றுடன் கொஸ்லந்தப் பேரிடரை ஒப்புநோக்குவது மிகையாகத் தோன்றலாம். ஒன்று மனிதர் ஆக்கிய நஞ்சு. மற்றது மழையும் மலையும். எனினும் நிகழ்ச்சிப் போக்கை உற்றுநோக்கின் ஒற்றுமை புலனாகும். சரிவில் தளர்வாகப் படிந்த மண்ணிலே மழைநீர் இறங்க இறங்க, மணிகளுக்கிடையேயுள்ள நீரின் அமுக்கம் உயர்கின்றது. மணிகள் ஒன்றையொன்று பற்றும் வலிமை குறைகின்றது. பிங்கம் கூறிய எல்லை கடக்கப்பட்டதும் சரிவு முழுவதும் பாய்கின்றது. இது எதிர்பாராதது அன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் மீரியபெத்தையின் அபாயத்தை எடுத்துரைத்து, மக்களை அகற்றவேண்டுமெனப் பரிந்துரைத்திருந்தது. தோர்ப் ஆலையின் கருவிபோல, இங்கும் அளவீடு பேசியது.

மக்களை வெளியேறுமாறு கூறியிருந்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. எங்கே வெளியேறுவது? லயன் அறை தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த சமூகத்துக்குச் சொந்தமெனச் சொல்ல ஒரு துண்டு நிலமில்லாத நிலையில், வெளியேறு என்னும் எச்சரிக்கை பாதி வாக்கியமே ஆகும். மாற்று நிலமும் வீடும் மற்றப் பாதியாகும். அம்மற்றப் பாதி, எஞ்சியோருக்குப் பூணாகலைப் பகுதியில், பேரிடர் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின்னரே வீடுகளாக வந்தது. அது முன்னமே வந்திருக்குமாயின் மாண்டோர் மாண்டிரார்.

ஜாதுகூடாவின் குழாயருகே குடியிருந்தோரும் மீரியபெத்தையின் சரிவடியிற் குடியிருந்தோரும் அவ்விடத்தைத் தாமாகத் தேர்ந்தவரல்லர். அபாயத்தின் வழியிற் குடியிருத்தப்பட்டவர்கள். யாருடைய வீடு கீழே இருக்கின்றதோ அவருக்கு மேலேயுள்ள கணக்கு வாசித்துக் காட்டப்படுவதில்லை. இது பௌதிகத்தின் விதியன்று. மாற்றத்தக்க சமுதாய ஏற்பாடாகும்.

முடிவுரை

ஹன்போர்டின் கழிவுள் கதிரியக்கம் குறைந்த திரவப் பகுதியைக் கண்ணாடியாக்கும் பணி, ஆலையின் கட்டுமானம் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், 2025இல் ஆரம்பமாயிற்று. அடியிலுள்ள வண்டலும் உப்பும் பெரும்பாலும் இன்னும் அவ்விடத்திலேயே உள்ளன. போர்க்காலத்திலும் பனிப்போர்க் காலத்திலும் செய்யப்பட்டதன் எச்சத்தை அகற்றப் பல தலைமுறைகள் உழைக்கவேண்டியுள்ளது. இலங்கை இன்றுவரை அணுமின் நிலையம் எதனையும் கொண்டிருக்கவில்லை. எனினும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அணுசக்தி அதிகாரசபை அமைத்த நாடு இது. 2014இல் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. அணுமின் நிலையம் பற்றிய ஆலோசனையும் இடைக்கிடை எழுகின்றது. அவ்வாலோசனையில் ஈடுபடுவோர், மின்சாரத்தின் விலையைக் கணிக்கும்போதே, கழிவை எவ்வழியாக, யாருடைய ஊரினூடாகக் கொண்டுசெல்வது என்பதையும் கணித்தல் வேண்டும்.

குழம்பைப் பாதுகாப்பாக அனுப்பும் நெறிகள் இன்று அறியப்படாதவை அல்ல. வேகம், வாட்டம், வெப்பம், கழுவுதல், இரட்டைச் சுவர் ஆகிய யாவும் நூல்களில் எழுதப்பட்டுள்ளன. இவற்றோடு சேர்த்து எழுதப்படவேண்டிய இன்னொரு நெறி உண்டு. குழாயின் அருகிலும் சரிவின் அடியிலும் வாழ்வோர்க்கு அளவீடுகளை அறியும் உரிமையும், அபாயம் நெருங்குமுன் பெயர்ந்து செல்வதற்கு ஓர் இடமும் இருத்தல் வேண்டும். அவ்விரண்டும் இல்லாதவரை, மிகச்சிறந்த பொறியியலும் அரைகுறைக் காப்பாகவே அமையும்.